பள்ளி போன் பீரோவுக்குள் இருக்கிறது: வாட்ஸாப் பிசினஸ், ஒரு கல்வியாண்டு பயன்படுத்திய பிறகு

"மிஸ், இன்னைக்கு தயிர்சாதம் சாப்ட்டானா?"

இரவு 10.40க்கு வந்த மெசேஜ். கேட்ட அம்மா மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஏனென்றால் 10.42க்கே "முக்கால் டப்பா சாப்பிட்டான்மா, ஊறுகாயத்தான் தொடல" என்று பதில் எழுதியவள் நான். மறுநாள் 10.35க்கு அதே கேள்வி. அதற்கடுத்த நாள் நான் தூங்கிவிட்டேன். காலையில் வாசலில் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றே நாளில் ஒரு பழக்கத்தை உண்டாக்கி, அதை நானே உடைத்தும் விட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் பிளே ஸ்கூல் நடத்துகிறேன். 34 பிள்ளைகள், என்னோடு இரண்டு டீச்சர்கள், ஒரு ஆயாம்மா. போன ஜூனிலிருந்து பள்ளிக்கென்று தனி எண் வாங்கி, அதில் தொழில் நடத்துபவர்களுக்கான வாட்ஸாப் பிசினஸ் போட்டுப் பயன்படுத்துகிறோம். துணிக்கடைக்காரர்களும் கேக் செய்பவர்களும் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாரடிப்பவர்களுக்கு இது உதவுமா என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில், தனி எண் ஏன் தேவைப்பட்டது என்று சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடும்வரை என் சொந்த எண் பத்துப் பெற்றோரிடம் இருந்திருந்தால் அதிகம். வீட்டிலிருந்தே பாடம் என்று ஆனதும் எல்லோருக்கும் கொடுத்தேன். 2022 பிப்ரவரியில் மழலையர் பள்ளிகள் திறந்தன. எண் மட்டும் ஊரெல்லாம் நின்றுவிட்டது. பிறகு 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையைத் தெற்கத்திக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் வரும், போகும். பால் எங்கே கிடைக்கிறது, எந்தப் பாலம் திறந்திருக்கிறது, மாவு தீர்ந்துவிட்டது என்ன செய்ய என்று ராத்திரி முழுக்கப் பெற்றோர் கேட்டார்கள். சிக்னல் கிடைத்தபோதெல்லாம் தெரிந்ததைச் சொன்னேன். அப்போது நேரம் பார்ப்பவள் மனுஷியே இல்லை. வெள்ளம் வடிந்தது. மெசேஜ் வடியவில்லை.

இடையில் ஒரு வருஷம் பணம் கட்டிப் பயன்படுத்தும் பள்ளி ஆப் ஒன்றையும் முயன்று பார்த்தேன். பெயர் வேண்டாம். பாதிப் பேர் அதைத் தரவிறக்கவே இல்லை. மீதிப் பேர் என் சொந்த வாட்ஸாப்புக்கு வந்து, "ஆப்ல என்னமோ போட்டிருக்கீங்களாமே மிஸ், என்னது?" என்று கேட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸாப் பிசினஸ் 2018இல் வந்த இலவச ஆப். சாதாரண வாட்ஸாப் இருக்கும் அதே போனிலேயே இதையும் வைத்துக்கொள்ளலாம், எண் மட்டும் வேறாக இருக்கவேண்டும். பள்ளியில் லேண்ட்லைன் இருந்தால் புது சிம்கூட வேண்டாம். சரிபார்க்கும் எண்ணை அழைப்பில் கேட்டு லேண்ட்லைன் எண்ணிலேயே தொடங்கலாம். இது பலருக்குத் தெரியாது, எனக்கும் சிம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதல் மாதம் என் போனிலேயே இரண்டையும் வைத்திருந்தேன். அது வீண் வேலை. பச்சை வட்டத்துக்குள் 'பி' என்று இருந்தால் என்ன, போன் படமாக இருந்தால் என்ன, கண்ணில் பட்டால் விரல் போய்விடுகிறது. தங்கச்சி கைவிட்ட பழைய போன் ஒன்றை 3,000 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். 28 நாளைக்கு ஒரு ரீசார்ஜ், 199 ரூபாய். அந்த போன் பள்ளியை விட்டு வெளியே வராது. மாலை ஐந்து மணிக்கு பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவேன், காலை எட்டரைக்குத் திறப்பேன். போன வருஷம் நான் செலவழித்த பணத்தில் உருப்படியான பணம் அந்த 3,000 ரூபாய்தான்.

இந்த ஆப்பை நான் எடுத்ததே 'அவே மெசேஜ்' என்ற தானியங்கிப் பதிலுக்காக. பள்ளி நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால், அந்த நேரத்துக்கு வெளியே எழுதுபவருக்கு நாம் எழுதிவைத்த பதில் தானாகப் போகும். யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக்கூடாது என்றும் பிரிக்கலாம். ஒரு விஷயம் மட்டும் மனசில் இருக்கட்டும்: போன் அணையாமல், இணையத்தோடு இருந்தால்தான் அது போகும். பூட்டி வைப்பதென்றால் சார்ஜ் ஏற்றி, வைஃபையை விட்டுவைத்துப் பூட்டவேண்டும். பழைய போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பு பின்னால் ஓடும் ஆப்களை மூடிவிடும், அதையும் இதற்கு மட்டும் விலக்கிவைக்க வேண்டும். குரூப்பில் எழுதுபவருக்கு இந்தப் பதில் போகாது, தனியாக எழுதினால்தான்.

ஆப்பை ஏற்றுவது பத்து நிமிஷ வேலை. அந்த நாலு வரியை எழுதத்தான் எனக்கு நாலு மாதம் ஆனது.

முதலில் எழுதியது இப்படி: "பள்ளி நேரம் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை. தயவுசெய்து பள்ளி நேரத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும்." மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருக்கிறதல்லவா? அப்படித்தான் பெற்றோரும் எடுத்துக்கொண்டார்கள். "மிஸ்ஸுக்கு இப்ப மெஷின் பேசுது" என்று வாசலில் ஒருவர் சொன்னது ஆயாம்மா வழியாக எனக்கு வந்தது.

அந்தக் கிண்டலைவிட இரண்டு பேர் சொன்னதுதான் உறைத்தது. ஒருவர் டவுனில் ஜவுளிக்கடையில் நிற்கும் அம்மா. கவுன்டரில் போன் கூடாது, கடை சாத்தி வெளியே வர இரவு 9.30. "நீங்க சொல்ற நேரத்துல எனக்குப் போன் கையிலயே இருக்காது மிஸ். அப்ப நான் எழுதவே கூடாதா?" இன்னொருவர் சவூதியில் வேலை பார்க்கும் அப்பா. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அவர் டியூட்டி முடிந்து அறைக்கு வரும்போது இங்கே பத்தைத் தாண்டிவிடும். மகள் பேசப் பழகிய சொற்களில் பாதியை போனில்தான் கேட்டிருக்கிறார். என் மெஷின் பதிலுக்கு அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: "எனக்கும் இப்பதான் மிஸ் ரெஸ்ட்."

அதைக் காலையில் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் பதில் எழுதவில்லை. நான் கேட்டது தவறான விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு வேண்டியது ராத்திரி பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை. நான் எழுதிப் போட்டிருந்ததோ, அவர்கள் கேட்கக்கூடாது என்ற தடை. ராத்திரி எழுதினால் என்ன? தபால்பெட்டியில் பாதிராத்திரிகூடக் கடிதம் போடலாம், காலையில்தான் பெட்டியைத் திறப்பார்கள்.

இப்போது போகும் பதில் இது: "வணக்கம். உங்கள் செய்தி வந்து சேர்ந்தது. எந்த நேரத்திலும் எழுதி வையுங்கள், காலை 8.30க்குப் படித்து 10 மணிக்குள் பதில் போடுகிறேன். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை, நாளை கூப்பிட வருபவர் மாறுகிறார் என்றால் மட்டும் எழுத வேண்டாம், இதே எண்ணுக்கு சாதா கால் போடுங்கள். நான் எடுப்பேன்."

பீரோவுக்குள் இருக்கும் போனுக்கு வரும் அழைப்பை எப்படி எடுப்பேன் என்றால், பூட்டுவதற்கு முன் கால் ஃபார்வர்ட் போட்டு என் சொந்த எண்ணுக்குத் திருப்பிவிடுவேன். வாட்ஸாப் கால் அப்படித் திரும்பாது, அதனால்தான் 'சாதா கால்' என்ற சொல். மார்ச் வரை இப்படி வந்த அழைப்பு ஒன்பது. அதில் ஒன்று ஸ்பூன் காணோம் என்று. இன்னொன்று இரவு 7.45க்கு, "மூக்குக்குள்ள மணியைப் போட்டுட்டா மிஸ், நோண்டி எடுக்கவா, இது ஸ்கூல்ல குடுத்த மணியா?" என்று. நோண்டவே கூடாது, உடனே காது மூக்கு டாக்டரிடம் போங்கள் என்றேன். மணி வீட்டு வளையல் டப்பாவிலிருந்து வந்ததாம். இருந்தாலும் மறுநாளே எங்கள் மேஜையிலிருந்து மணிகளை எடுத்துவிட்டேன்.

கூப்பிட வருபவர் மாறுவதை எழுத்தில் ஏற்கமாட்டோம் என்பதில் நான் கல்லாக இருக்கிறேன். "இன்னைக்கு சித்தப்பா வருவார்" என்று யார் கையில் போன் இருந்தாலும் எழுதிவிடலாம். குரலைக் கேட்டு, சேர்க்கைப் படிவத்தில் உள்ள எண்ணுக்கு நாங்கள் திரும்ப அழைத்து உறுதி செய்த பிறகுதான் பிள்ளையைக் கொடுப்போம். இதற்காக ஒரு தாத்தா வெயிலில் கால்மணி நேரம் நின்று என்னைத் திட்டியிருக்கிறார். திட்டட்டும்.

மற்ற வசதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'குயிக் ரிப்ளை' என்று 50 பதில்கள் வரை சேமித்து, சாய்கோடும் ஒரு சின்னச் சொல்லும் தட்டி அனுப்பலாம். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு அனுப்புங்கள் என்பதை வாரத்துக்கு நாலு தரம் எழுதிக் கை ஓய்ந்தவர்களுக்கு இது வரம். ஆனால் அவசரத்தில் தப்பாகத் தட்டக்கூடாது. "பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு மிஸ், தண்ணி ஊத்தினப்புறம் அனுப்புறோம்" என்று எழுதிய அம்மாவுக்கு நான் "மூன்றாம் பருவக் கட்டணம் கிடைத்தது, நன்றி" என்று அனுப்பியிருக்கிறேன். தப்பு முழுக்க என் விரலுடையது. அன்றிலிருந்து உடம்பு, துக்கம், அழுகை இந்த மூன்றுக்கும் சேமித்த பதில் கிடையாது. கையால்தான் எழுதுவது.

லேபிள் என்று வண்ணச் சீட்டு ஒட்டும் வசதி, 20 வரை வைக்கலாம். எனக்கு நாலு போதும். அதில் 'நேரில் பேசணும்' என்ற சிவப்புச் சீட்டுக்காகவே இந்த ஆப்பை வைத்திருக்கலாம். கடி, பேச்சு தாமதம், கழிப்பறைப் பழக்கம் இவற்றை எழுத்தில் பேசக்கூடாது என்று வைத்திருக்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளை கடிப்பது சாதாரணம். கோபம் வருகிறது, சொல்ல வார்த்தை இல்லை, பல் இருக்கிறது. இதையே "உங்க பையனை இன்னொரு பிள்ளை கடிச்சிட்டு" என்று எழுத்தில் அனுப்பினால் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நாள் முழுக்க வயிறு எரியும், கடித்தது யார் என்று குரூப்பில் விசாரணை தொடங்கிவிடும். சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு, "சாயங்காலம் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க, பிள்ளை நல்லாயிருக்கான்" என்று மட்டும் எழுதுவேன். அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஒருமுறை அனுப்பியபோது, ஒரு அப்பா வேலையைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

குரூப் விஷயத்தில் மூன்று தரம் மாற்றினேன். திறந்த குரூப்பில் காலை 5.30க்கு ரோஜாப்பூ வணக்கம், தேர்தல் நேரத்தில் சண்டை. அதை மூடிவிட்டு பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டேன். ஒரு பட்டியலில் 256 பேர், அனுப்புவது அவரவருக்குத் தனித்தனியாகப் போகும், அழகான ஏற்பாடு. ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இதை நான் பெற்றோரிடம் சொல்லவில்லை. மஞ்சள் நிற நாளன்று எல்லாப் பிள்ளையும் மஞ்சளில் வர, ஒருத்தி மட்டும் நீலச் சட்டையில் வந்து நின்றாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இப்போது அட்மின் மட்டும் எழுதக்கூடிய குரூப்பில் நிற்கிறோம். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும் என்பது சில அம்மாக்களுக்குச் சங்கடம், நியாயமான சங்கடம். பல குரூப்களைச் சேர்த்துவைக்கும் 'கம்யூனிட்டி' என்ற வசதியின் அறிவிப்புக் குரூப்பில் எண்கள் அட்மினுக்கு மட்டுமே தெரியும், வரும் ஜூனில் அதற்கு மாறப்போகிறேன்.

ப்ளூ டிக்கை அணைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குரூப்பில் அது அணையாது. தனி உரையாடலில் அணைத்தால் மற்றவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. நான் எரியவே விட்டிருக்கிறேன். படித்தேன் என்று காட்டிவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. எட்டரைக்கு முன் படிப்பதே இல்லை என்பதால் பெரிய சிக்கலும் இல்லை.

படங்கள். வகுப்பு நடக்கும்போது டீச்சர் கையில் போன் இருந்தால் கண் பிள்ளைமேல் இல்லை என்று அர்த்தம். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் படம், அதுவும் கூட்டாக. "எம்பிள்ளை ஓரத்துல நிக்கான், மூஞ்சியே தெரியல" என்ற புகார் வாராவாரம் வரும், தாங்கிக்கொள்வோம். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் படத்துக்கென்று தனிக் கட்டம் போட்டோம். மூன்று குடும்பம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று பிள்ளைகளையும் படம் எடுக்கும்போது ஆயாம்மா ஊஞ்சலுக்குக் கூட்டிப் போய்விடுவார். மற்ற பிள்ளைகளுக்கு அதுதான் பொறாமை.

இந்த விமர்சனத்தில் ஆப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஆப்பைவிட அதுதான் வேலை செய்தது. ஆகஸ்டில் ஒரு வாரம் இரவு மெசேஜ்களை எல்லாம் உட்கார்ந்து எண்ணினேன். 41 வந்திருந்தது. அதில் 26 ஒரே கேள்வி, வேறு வேறு சொற்களில்: சாப்பிட்டானா, தூங்கினாளா, வெளிக்குப் போனானா. நான் எல்லை, ஓய்வு என்று பெரிய பெரிய யோசனையில் இருக்க, அவர்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். ஆயாம்மாதான் சொன்னார், "ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டப்பாவுக்குள்ள போட்டு விட்டா என்ன டீச்சரம்மா?" என்று.

ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளில் எட்டுச் சீட்டு வருமாறு அடித்தோம். சாப்பாடு: முழுசா, பாதி, தொடல. தூக்கம்: எவ்வளவு நேரம். வெளிக்கு: ஆமா, இல்லை. கீழே ஒரு காலி வரி. ஒரு பிள்ளையின் சீட்டில் நாங்கள் டிக் அடிக்க அரை நிமிஷம். ஒரு நாளைக்கு ஐந்து தாள், பத்து ரூபாய்கூட ஆகாது. அக்டோபரில் திரும்ப ஒரு வாரம் எண்ணியபோது இரவு மெசேஜ் 12. அந்தக் காலி வரியில் "இன்று 'நிலா' என்று சொன்னாள்" என்று எழுதிய சீட்டை ஜவுளிக்கடை அம்மா பர்ஸில் வைத்திருக்கிறார். சவூதி அப்பாவுக்கு அந்தச் சீட்டைப் படம் எடுத்து வீட்டிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நான் பள்ளியில் இருக்கும்போது, பத்து நிமிஷம் வீடியோவில் அவரோடு பேசுகிறேன். அது நான் விரும்பிக் கொடுக்கும் நேரம், அதனால் பாரமாக இல்லை.

இன்னொரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி எண்ணியபோது நான் ராத்திரி அனுப்பியவையும் கண்ணில் பட்டன. "நாளை பச்சை நிற உடை" என்று இரவு 9.20க்கு. எத்தனை வீட்டில் அலமாரியைக் கவிழ்த்திருப்பார்களோ, எத்தனை அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பாரோ. அவர்கள் வீட்டுக்கும் கதவு உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது அறிவிப்பு எல்லாம் மாலை நாலுக்குள், நிற நாளென்றால் மூன்று நாள் முன்னாலேயே. மழை விடுமுறை மட்டும் விலக்கு. அதற்கும் ஒரு வரி ஜூனிலேயே சொல்லிவிட்டோம்: ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் நமக்கும் விடுமுறை, கேட்க வேண்டாம். முன்பெல்லாம் தூறல் விழுந்தாலே காலை 6.10க்கு "மிஸ் லீவா?" முப்பது வரும்.

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகளிடம் இதெல்லாம் சொன்னபோது சிரித்தாள். அங்கே 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சே சொல்லிவிட்டது: ஆசிரியர்கள் சொந்த எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவசரம் தவிரப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியதில்லை. "உனக்கும் அப்படி ஒரு ஆர்டர் இருந்தா நல்லாருக்கும்லா அக்கா" என்றாள். இருக்கலாம். எனக்கோ அதே பெற்றோரை மகாராஜநகர் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் பார்க்கவேண்டும். ஆர்டரைக் காட்டி அங்கே தப்பிக்க முடியாது. போன வாரம்கூட ஒருவர் முருங்கைக்காய்க் கட்டோடு நின்று, பையன் பென்சிலை இடது கையில் பிடிப்பதைப் பற்றிக் கேட்டார். பிடிக்கட்டும், மாற்றாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கெல்லாம் பீரோ கிடையாது.

மதிப்பெண்: வாட்ஸாப் பிசினஸுக்கு ஐந்துக்கு மூன்றரை. தனி எண்ணும், அவே மெசேஜும், சிவப்புச் சீட்டும் நல்ல காரியங்கள். குரூப்பில் தானியங்கிப் பதில் போகாததற்கும், பிராட்காஸ்டின் எண் சேமிக்கும் நிபந்தனைக்கும் குறைத்தேன். ஐம்பது பிள்ளைக்குள் இருக்கும் பள்ளிக்குப் பணம் கட்டும் ஆப் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம், நூறைத் தாண்டினால் கதை வேறாக இருக்கலாம். துண்டுச் சீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. அதன் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். காலை எட்டரைக்கு மேல்.